ஏழு சுற்று வெள்ளை டேப்

ஜாஸ்மின் ரியாத்தில் நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முப்பது நாள் லீவில் வருவாள். 1989இல் அப்படி அவள் வந்தபோது, மீனம்பாக்கத்திலிருந்து அழைத்துவரப் பென்னலூரிலிருந்து தன் பழைய ஃபியட்டில் கிளம்பினான் அவள் கணவன் ஜெபகுமார். ஒரகடம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. சேரப்பணஞ்சேரியை நெருங்கும்போது இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் விறுவிறுவென்று ஏறிச் சிவப்புக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. பதறிப்போய் மரத்தடியில் நிறுத்தினான். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினான், விசிறினான், காத்திருந்தான். முள் அசையவே இல்லை. வருவது வரட்டும் என்று ஓட்டிப்போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். அதற்குள் ஜாஸ்மினின் அண்ணன் ரத்தினம் அவளை டாக்சியில் ஏற்றிப் பெரம்பூரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். முப்பது நாளில் பத்தொன்பது நாள் அங்கேயே கழிந்தது. பென்னலூருக்கு வாய்த்தது பதினொரு நாள்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்தப் பத்தொன்பது நாளுக்கும் முள்தான் காரணம் என்பது ஜெபகுமாரின் தீர்ப்பு. இஞ்சின் கொதிக்கவே இல்லை, முள் பொய் சொல்லியிருக்கிறது என்று மெக்கானிக் சொன்ன பிறகு அந்தக் கோபம் இன்னும் கூடியது.

அவள் திரும்பிப் போனதும் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினான். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனியில் அவன் பைப் ஃபிட்டர். காலை ஷிப்டு என்றால் வீடு வந்து ஒரு ஆழாக்கு அரிசி வடிப்பான், ராத்திரிக்கும் அதுவே. 1991 தை, மாசியில் வளைகுடாவில் சண்டை நடந்தபோது ஆறு வாரம் அவளிடமிருந்து கடிதம் இல்லை. ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரியாத் என்ற பேர் காதில் விழுந்தால் சத்தத்தைக் கூட்டுவான், பிறகு பயந்து குறைப்பான். பக்கத்து வீட்டு கோவிந்தம்மா, "இன்னா தம்பி, எதனா தெரிஞ்சிதா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள். அந்த ஆறு வாரமும் அவனோடு வீட்டில் பேசிய ஒரே குரல் அது.

அக்டோபரில் கடிதம் வந்தது. நவம்பர் பதினாலாம் தேதி காலை பம்பாய் வழியாக வருகிறாள். ஜெபகுமார் அன்றே தார்ப்பாயை உருவினான்.

இஞ்சின் தலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பித்தளைக் குமிழ் திருகுமரையில் மாட்டியிருக்கும். உள்ளே தண்ணீரின் சூட்டை அறிந்து முள்ளுக்குச் சொல்வது அதுதான். பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு வாங்கி வந்து திருகினான். இஞ்சினை அரை மணி ஓடவிட்டான். ரேடியேட்டர் கைவைக்க முடியாமல் சுட்டது. முள்ளோ படுத்தது படுத்தபடி கிடந்தது. முன்பு இறங்காத முள் இப்போது ஏற மாட்டேன் என்றது.

குமிழிலிருந்து ஒயரைப் பிடுங்கி இஞ்சின் உடம்பில் தொட்டுப் பார்த்தான். முள் துள்ளிக்கொண்டு சிவப்புக்கு ஓடியது. ஆக, முள்ளும் நல்லது, ஒயரும் நல்லது. வாங்கிய குமிழ்தான் சொத்தை. ஒரு நாள் லீவு போட்டுப் பட்டணம் போய் இன்னொன்று வாங்கினான். அதுவும் ஊமை. இன்னொரு நாள் லீவு, மூன்றாவது குமிழ். அதையும் திருகி, முடுக்கி, சோதித்துப் பார்க்க இன்னும் ஒரு நாள். கையிருப்பில் இருந்த லீவில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம். அதைப் பதினாலாம் தேதிக்கென்று வைத்துக்கொண்டான்.

கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தான் எலெக்ட்ரீஷியன் கன்னியப்பன். "இன்னா ஜெபா, மூஞ்சி ஊசிப்போன வடை மாதிரி கீது?"

ஜெபகுமார் மூன்று குமிழின் கதையையும் சொன்னான்.

கன்னியப்பன் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்: "மாட்டும்போது மரையில எதனா சுத்துனியா?"

"சுத்தாம? வெள்ளை டேப்பு, ஏழு சுத்து. சுத்தலைன்னா தண்ணி கசியாதா? இருவது வருசமா ஒரு மரையக்கூட நான் வெறுமனே மாட்னது இல்ல, தெரியுமா?"

"அடப்பாவி. அந்தக் குமிழுக்கு எத்தினி ஒயரு வருது?"

"ஒண்ணு."

"கரண்ட்டு போனா திரும்பி வர வேணாமா? வர்ற ஒயரு எங்க?"

ஜெபகுமார் மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தான்.

"அந்த மரைதான்யா திரும்பற ஒயரு. இஞ்சினை இரும்போட இரும்பாத் தொட்டாதான் அது பேசும். நீ அதுக்கு ஏழு சுத்து கம்பளி போத்தி வுட்டுக்கீற. மூணு குமிழு இன்னா, முந்நூறு மாட்னாலும் அப்படித்தான். பைப்புக்காரன் புத்தி!"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். ஜெபகுமாரும் சிரித்தான். அவன் சிரித்து நாளாகியிருந்ததால் கன்னியப்பன் ஒரு கணம் அவனையே பார்த்தான்.

அன்று சாயங்காலம் டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தான். செம்பு வாஷர் மட்டும் வைத்து வெறும் மரையைத் திருகியபோது கை கூசியது. ஒரு சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. கால் மணியில் முள் சோம்பல் முறித்து எழுந்து நடுவில் வந்து நின்றது. பார்க்க யாரும் இல்லை. "ஆயா, முள்ளு ஏறிச்சி!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினான். "நல்லதுப்பா" என்றாள் கோவிந்தம்மா, எந்த முள் என்று தெரியாமலே.

பதினாலாம் தேதி விமான நிலையத்துக்கு நாற்பது நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தான். ரத்தினமும் டாக்சியோடு வந்திருந்தான்.

"இன்னா மாப்ளே, இந்தத் தபா வண்டி ஓடிச்சா?"

"ஜம்முனு ஓடிச்சி மச்சான்."

ஜாஸ்மின் வெளியே வந்தாள். இளைத்திருந்தாள், முன்நெற்றியில் நரை. இருவரையும் பார்த்துச் சிரித்தாள். பெட்டிகளை டாக்சிக்கு எடுத்துக்கொண்டு போகும்படி அண்ணனிடம் சொல்லிவிட்டு, ஜெபகுமாரைத் தூண் பக்கமாக அழைத்துப் போனாள்.

"நான் பெரம்பூர் போயிட்டு வரேங்க."

"நேரத்துக்கு வந்துட்டேனே, ஜாஸ்மின்."

"தெரியுது." அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள். "போன தபா நீங்க நேரத்துக்கு வந்திருந்தாலும் நான் அங்கதான் போயிருப்பேன். நீங்க லேட்டானதும், அப்பாடா, நேர்ல சொல்ல வேணாம்னு இருந்திச்சி."

அவன் கார்ச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"எத்தினி நாளு லீவு போட்டுக்கீறீங்க?"

"இன்னிக்கி ஒரு நாளு."

"மிச்சம்?"

"வண்டி ரிப்பேருக்கே போயிடிச்சி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் குரல் இறங்கியது. "பாருங்க. நீங்க ஷிப்டுக்குப் போயிடுவீங்க. நான் செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கணும். அதத்தான் அங்க ரூம்ல ரெண்டு வருசமா பண்றேன். அண்ணன் வூட்ல பேச்சு சத்தமாச்சும் இருக்கும்."

எனக்கும் அதே சுவர்தான் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது. அதற்குள் ரத்தினம் டாக்சியிலிருந்து கூப்பிட்டான். "ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சி வரப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

திரும்பும் வழியெல்லாம் முள் நடுவிலேயே நின்றது. குற்றம் சொல்ல அதுவும் இப்போது இல்லை.

மறுநாள் ஷிப்டு தொடங்குமுன் சூப்பர்வைசர் பலராமனிடம் ஒரு தாளை நீட்டினான். இருபது நாள் லீவு, சம்பளம் இல்லாமல். பலராமன் காரணம் என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார்.

"'மனைவி ஊரில் இருக்கிறாள்.' இன்னாய்யா இது? உடம்பு சரியில்லையா அவங்களுக்கு?"

"நல்லா கீறாங்க சார்."

"பின்ன? வூட்டுலதான கீறாங்க?"

"இல்ல சார். பெரம்பூர்ல."

பலராமன் பேனா மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். "அவங்க அங்க இருக்க, நீ இங்க இருவது நாளு லீவு போட்டு இன்னாய்யா பண்ணப்போற?"

"இங்க இல்ல சார்" என்றான் ஜெபகுமார். "நானும் அங்கதான் போறேன்."