இல்லாத தங்கை

லாமு தீவின் கடற்கரைச் சாலையில் பாய் விரித்து மருதாணி போடுகிற பெண்களில் பர்க்கேயின் கைக்குத்தான் பேர் அதிகம். ஊரில் கல்யாணம் என்றால் பெண்ணுக்குப் பூக்கொடி வரைய அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ஊர்ப்பெண்கள் மருதாணி சிவக்கும்வரை காத்திருப்பார்கள். படகேறி வந்து இறங்குகிறவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கறுப்பாக வேண்டும், உடனே வேண்டும். அதனால் பர்க்கே தலைச்சாயப் பொடியைக் கலக்க ஆரம்பித்தாள். எல்லாரும்தானே கலக்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் தன் மகள் கையில் மட்டும் அதைப் போட்டதே இல்லை.

மோரா என்ற பள்ளிக்கூட டீச்சர் மலைப்பக்கத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். கடலையே அப்போதுதான் முதல்முறை பார்க்கிறாளாம். கையை நீட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாள்.

"வேற ஒண்ணும் சேக்கலையே?"

"எங்க வீட்டு மரத்து இலை, டீச்சர். வேற என்ன சேக்கப்போறேன்?" என்றாள் பர்க்கே. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு கொடியை ஓடவிட்டாள். மோரா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் பக்கத்துப் பாய்க்காரி எஷா குனிந்து மெதுவாகச் சொன்னாள். "உன் டீச்சர் கை வெந்துபோய்க் கெடக்குடி. ஆஸ்பத்திரில பாத்தேன். உன் வீடு எதுன்னு விசாரிச்சுக்கிட்டிருக்கா."

பர்க்கே பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவை ஒரு சாண் திறந்தாள்.

"பர்க்கே இருக்காங்களா?"

"இல்ல. பக்கத்துத் தீவுக்குப் போயிருக்கா. நான் தங்கச்சி."

பர்க்கேயுடன் பிறந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். தங்கை என்று யாருமே கிடையாது.

மோரா சட்டைக்கையை மேலே ஏற்றிக் காட்டினாள். கொடி அப்படியே இருந்தது. இலைக்கு இலை, சுருளுக்குச் சுருள், எல்லாம் கொப்புளமாக எழும்பி நீர் கோத்திருந்தது.

"சண்டை போட வரலம்மா. என்ன கலந்தாங்கன்னு டாக்டர் கேக்கறாரு. தெரிஞ்சா மருந்து குடுக்கத் தோதா இருக்குமாம்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது."

கதவைப் பிடித்திருந்த பர்க்கேயின் விரல்களை மோரா சற்று நேரம் பார்த்தாள். "சரி. இனிமே யாருக்கும் போட வேண்டாம்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுச் சந்தில் இறங்கி நடந்தாள்.

கதவைச் சாத்திய பிறகுதான் பர்க்கே தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண் வரை சாயம் ஏறிக் கறுத்திருந்தது. முகத்தை மூடி என்ன பிரயோசனம்? மோராவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் போய்விட்டாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. அன்று மகள் பரிமாறிய சோற்றைப் பர்க்கே தொடவில்லை.

விடிந்ததும் பொடிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மோரா தங்கியிருந்த வீட்டுக்குப் போனாள். முதல் படகிலேயே கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். பொட்டலத்தை மேசைமேல் வைத்து, எதில் எவ்வளவு கலந்தாள் என்று ஒன்றுவிடாமல் டாக்டரிடம் சொன்னாள். படகில் வருகிறவர்களில் எத்தனையோ பேருக்குப் போட்டதையும் சொன்னாள். அவர் உடனே மோராவுக்குப் போன் செய்து விவரம் சொன்னார். பிறகு போனைப் பர்க்கேயிடம் நீட்டினார்.

"நீங்களே ஒரு வார்த்தை பேசிடுங்களேன்."

பர்க்கே மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். போனுக்குள்ளிருந்து "யாருங்க?" என்ற குரல் இரண்டு முறை கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இப்போது அவள் இலை மட்டும்தான் அரைக்கிறாள். கறுப்பு கேட்டு வருகிறவர்கள் எஷாவின் பாய்க்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பொடி எத்தனை கெடுதல் என்று எஷாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "இத்தனை வருசம் போட்டப்போ தெரியலையாக்கும்?" என்றாள் எஷா.

மோராவின் புண் ஆறிவிட்டதாம், கொடியின் தடம் மட்டும் போகாதாம் என்று பிறகொருநாள் டாக்டர் சொன்னார். பர்க்கே தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள்.