ஜுனைதா சாச்சியின் பெருவிரல்

காலை இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள். அக்கரைப்பற்றில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து வாசலில் என் தம்பி சரீப் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். மருதமுனையிலிருந்து அவ்வளவு தூரம் அவன் சும்மா வரமாட்டான்.

"ஜுனைதா சாச்சி மௌத்து ராத்தா. சுபஹு தொழுதிட்டு குசினிக்குள்ள அடுப்பு மூட்டப் போனவவாம். அப்பிடியே விழுந்து கிடந்திரிக்கா."

நான் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போதுதான் மற்றதைச் சொன்னான்.

"மையத்தக் குளிப்பாட்ட ஆளில்ல. பள்ளிவாசல் மரைக்கார் சாய்ந்தமருதுக்குப் போயிரிக்கார், ஆரையாவது கேட்டுப் பார்க்க."

அண்மைக்காலம் வரை, எட்டு வருடமாக, எங்கள் பகுதியில் மௌத்தான பெண்களை அடக்குவதற்கு முன் குளிப்பாட்டியது சாச்சிதான். அதற்கு முன்னால் அவர் செய்த வேலை வேறு. ஊர் அதை மறந்துவிட்டது. மறக்க வேண்டுமென்றே மறந்தது என்று நான் நினைக்கிறேன்.

சாச்சி என் உம்மாவின் தங்கை. கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் அவருடைய வீடு. ஒழுங்கை நெடுகத் தறிச் சத்தம். தறியில் இருக்கும் பெண் வலது கையால், நூல் கொண்டு ஓடும் நாடாவின் கயிற்றை வெட்டி வெட்டி இழுக்க வேண்டும், இடது கையால் பலகையை அடித்து நூலை நெருக்க வேண்டும். கால் இரண்டும் மிதியில் இருக்கும். பொழுது சாயும்போது கழுத்திலிருந்து தோள்பட்டை வரை ஒரு பக்கம் இறுகிப்போய்விடும். தலைமுடி கட்டக் கை ஏறாது. கிறுகித் திரும்பிப் படுக்க முடியாது. இப்படி நோப்பட்டவர்கள்தான் சாச்சியிடம் வந்தார்கள்.

இந்த வேலையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கணவர் அப்துல் கபூர் நெல் மூட்டை ஏற்றி இறக்கியவர். அவருடைய முதுகுதான் சாச்சிக்குப் பள்ளிக்கூடம். முதலில் எல்லோரையும்போல எண்ணெயைப் பூசி மேலால் தேய்த்தார். கணவருக்கு அது சுகமாக இருக்கும், நித்திரையும் வரும், விடிந்ததும் நோ அதே இடத்தில் கிடக்கும். ஒருநாள் சாச்சி அலுப்பில் முழங்கையை ஊன்றிப் பாரத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ இளகி விலகியது கைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு தோலைத் தேய்ப்பதை விட்டுவிட்டு உள்ளே தேடத் தொடங்கினார். செங்கமாரி வந்து கபூர் சாச்சா மௌத்தான பிறகு இதுவே பிழைப்பாயிற்று.

வந்தவரைப் பாயில் குப்புறப் படுக்கச் சொல்வார். உப்பைச் சீலையில் முடிந்து சட்டியில் சூடாக்கி முதலில் ஒத்தடம். பிறகு உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். பெருவிரல் கழுத்தடியிலிருந்து மெல்ல இறங்கி வரும். கட்டி கிடக்கும் இடத்தில் நின்றுவிடும். அவர் அதைக் குத்தி உடைக்க மாட்டார். பாரத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பார். படுத்திருப்பவர் மூச்சை விடும்போது விரல் கொஞ்சம் இறங்கும், மூச்சை எடுக்கும்போது நிற்கும். அப்படியே ஆழத்துக்குப் போய்விடும். கட்டி இளகிய பிறகுதான் கையைப் பிடித்துச் சுழற்றி மேலே தூக்குவார். மறுநாள் தறியில் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவார்.

பாயில் படுத்திருப்பவர்கள் சும்மா படுத்திருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு சுல்பிகாவின் வாய் எப்போதும் ஓயாது.

"சாச்சிட பெருவிரல் பொலிஸ்காரன் கா. செய்யாத களவையும் ஒத்துக்கொள்ள வைக்கும்."

"செஞ்ச களவ முதல்ல சொல்லு. உன்ட மாமிக்கு நேத்து என்ன கறி குடுத்த?"

"அது தோளுக்குள்ளயா கிடக்கு?"

"எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. மூச்ச விடு புள்ள."

எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பரில் சூறாவளி வந்தது. தென்னைகள் சரிந்து விழுந்தன, தறிக் கொட்டில்கள் ஆட்களுக்கு மேல் இடிந்து இறங்கின. விடியும்போது குளிப்பாட்டி அடக்க வேண்டிய பெண்கள் கிடந்தார்கள். வழக்கமாகக் குளிப்பாட்டும் கிழவி சுவர் விழுந்து கால் முறிந்து கிடந்தார். பள்ளிவாசல் மரைக்கார் மீராமுகைதீன் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றுக்குள்ளால் சாச்சியைத் தேடி வந்தார்.

"ஜுனைதா, நீ உடம்பு தெரிஞ்ச பொம்புள. உன்னால ஏலும்."

"மையத்த நான் தொட்டதில்ல மரைக்கார்."

"தொட்டாப் பெரிய நன்மை. ஆக்கள் காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

சாச்சி போனார். அந்தப் பெண்களில் ஒருத்தி கூரை வளையின் கீழ் நசுங்கிக் கிடந்தவள். தலையை மறைக்கத் தூக்கிய கை தூக்கியபடியே விறைத்திருந்தது. கபன் சீலையில் சுற்றக் கையை உடம்போடு சேர்க்க வேண்டும். இழுத்து மடக்குங்கள் என்றாள் ஒருத்தி. சாச்சி விடவில்லை. வெந்நீர் கேட்டு வாங்கித் தோளில் ஊற்றினார். பெருவிரலைத் தோள்பட்டைக்குக் கீழே வைத்தார். வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூச்சு விடுகிறவர்களுக்குக் காத்திருந்து பழகிய விரல் அது. மெல்ல மெல்லக் கை இறங்கி வந்து விலாவோடு படுத்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டு பக்கத்தில் நின்ற சுல்பிகா அதைக் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கிறாள்.

கூரைகளைத் திரும்பக் கட்டி ஒழுங்கையில் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு சுல்பிகா வழக்கம்போல் நோவுக்கு வந்தாள். சாச்சியின் விரல் கழுத்தடியிலிருந்து இறங்கித் தோள்பட்டைக்குக் கீழே நின்றது. சுல்பிகா துள்ளி எழும்பினாள்.

"சாச்சி, கைய எடுங்க."

"நோகுதா?"

"நோவில்ல. அண்டைக்கு அவவுக்கும் இவடத்ததான் வச்சீங்க. இப்பிடித்தான் வச்சிக்கிட்டு இருந்தீங்க."

அவள் வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக் குளித்திருக்கிறாள். அதை இன்னொருத்திக்குச் சொன்னாள். சுல்பிகாவுக்குச் சாச்சி மேல் ஒரு கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை பிடித்துச் சமாதானமாகி இருக்கலாம்.

அடுத்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மையத்துக் குளிப்பாட்டுவதன் சிறப்பைப் பற்றி மௌலவி நல்ல பயான் ஒன்று செய்தார். கேட்ட ஆண்கள் கண்கலங்கினார்கள் என்று சொன்னார்கள். கண்கலங்கியவர்கள்தான் வீட்டுக்கு வந்து, பிள்ளை பெற்ற வீட்டுக்குள் ஜுனைதாவைக் கூப்பிட வேண்டாமென்று மனைவிமாருக்குச் சொன்னார்கள். மௌத்து விழுந்தால் மட்டும் நடுச்சாமத்திலும் கதவைத் தட்டினார்கள். கால் முறிந்த கிழவியும் பிறகு போய்ச் சேர்ந்தார். அவரையும் சாச்சிதான் குளிப்பாட்டினார்.

யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. இப்ப நோ குறைவு சாச்சி என்றார்கள். கல்முனையில் பூசுமருந்து வாங்கிட்டம் என்றார்கள். பிறகு ஆளனுப்புறம் என்றார்கள். சாச்சி கூலிக்கு நூல் சுற்றிச் சீவித்தார். விடுமுறைக்கு நான் போனால் நூல் சுற்றிக்கொண்டே கேலியாகக் கதைப்பார்.

"நான் இப்ப பெரிய வைத்தியர்டி. நோவோட நிக்கிறவளுகள் என்னத் தூரத்தில கண்டாலே சுகமாகிடுறாளுகள்."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அவருக்கு ஒரே மகன், ஜவுபர். கல்யாணம் முடித்து, எங்கள் ஊர் வழக்கப்படி, மனைவியின் வீட்டில் இருந்தான். இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். மனைவி ஸம்ஸியா தறிக்காரி. போன வருடம் இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் திரும்பத் தறியில் இருந்தாள். ஒரு பக்கம் பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுப்பது, மறுபக்கம் கயிறு இழுப்பது. வலது தோள் பூட்டிக்கொண்டது. கை நெஞ்சு மட்டத்துக்கு மேல் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் விழுங்கக் குளிசை கொடுத்தார்கள், கையை அசைத்துப் பழகச் சொன்னார்கள். அசைத்தால் உயிர் போகிறது என்று அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். கை இன்னும் இறுகியது.

சாச்சிக்கு வேண்டியிருந்தது அந்தத் தோள் ஒன்றுதான். ஊர் முழுக்கத் திரும்பிக் கூப்பிட வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. மருமகளின் தோளில் கை வைக்க விட்டால் போதும். ஜவுபரிடம் கேட்டார்.

"மாமிக்கிட்டச் சொல்லிப் பாக்கிறன் உம்மா," என்றான். ஸம்ஸியாவின் தாய் றபீக்காவிடம் அவன் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உம்மாவுக்கு மீன் வாங்கிக்கொண்டு வந்தான். அதைக் கொடுத்துவிட்டு, அவர் கேட்பதற்கு முன்னால் போனான்.

கடைசியில் ஸம்ஸியா தானாகவே வந்தாள். நூல் எடுத்து வரப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மத்தியான லுஹர் தொழுத கையோடு வந்து சாச்சியின் குசினிக்குள் படுத்தாள்.

"உனக்குப் பயமில்லையா புள்ள?"

"பயம்தான் மாமி. ஆனா பிள்ளையத் தூக்க ஏலாமக் கிடக்கு."

"சரி. மூச்ச விடு."

ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். முதல் தடவைகளில் சாச்சி தோளைத் தொடவேயில்லை. கழுத்தையும் முதுகையும் மட்டும் இளக்கினார். பிறகு கக்கத்துக்குள் விரலை வைத்தார். நோகும்போது நிறுத்தினார். கை நெஞ்சைத் தாண்டியது, நாடியைத் தொட்டது, காது மட்டத்துக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரிக் குளிசை பிடித்துவிட்டது என்றார்கள். அந்த நாட்களில் சாச்சியின் முகம் வேறாக இருந்தது என்று உம்மா சொல்வார்.

காட்டிக்கொடுத்தது உள்ளி வாசம். றபீக்கா மகளின் சட்டையை முகர்ந்து பார்த்தார். தலைக்கு ஊற்றாமல் பிள்ளையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு நேரே சாச்சியின் படலைக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"கைப்புள்ள இரிக்கிற வீடு ராத்தா. உங்களுக்குத் தெரியாதா? அவள் தெரியாத புள்ள, வந்தா நீங்க திருப்பி அனுப்ப வேணாமா?"

"அது என்ட பேரப்புள்ளயும்தான்."

"அதுக்காக? மையத்துட தண்ணி பட்ட கையால..."

"கையக் கழுவாம நான் ஆரையும் தொட்டதில்ல."

"நீங்க என்னதான் கழுவினாலும் ராத்தா, மனசு கேக்குதில்லயே."

சாச்சி சத்தம் போடவில்லை. கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்தார்.

"உங்களயும் ஒரு நாள் நான்தான் குளிப்பாட்டணும் றபீக்கா. அண்டைக்கு எட்டி நில்லுங்கோ எண்டு ஆரு எனக்குச் சொல்றது?"

சொல்லக்கூடாத சொல் அது என்று சொன்ன நிமிடமே அவருக்குத் தெரிந்திருக்கும். பொழுதுபட்டு மஃரிபுக்குள் அது ஒழுங்கை முழுக்கப் போய்விட்டது. ஜுனைதா றபீக்காவின் மௌத்துக்கு நாள் பார்த்துவிட்டாள் என்று போயிற்று. அதற்குப் பிறகு மையத்து வீடுகளும் அவரைக் கூப்பிடவில்லை. வசதியுள்ளவர்கள் வெளியூரிலிருந்து ஆள் கொண்டு வந்தார்கள், மற்றவர்கள் சொந்தத்துக்குள் எப்படியோ பார்த்துக்கொண்டார்கள். ஜவுபர் ஒரு வெள்ளிக்கிழமை மீனோடு வந்து, "கொஞ்ச நாளைக்கு ஸம்ஸியாவ அனுப்பல்ல உம்மா, கதை அடங்கட்டும்," என்றான். கதை அடங்கவில்லை.

மௌத்தன்று நானும் சரீப்பும் சாச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் ஆண்கள் கதிரை போட்டு இருந்தார்கள். சாய்ந்தமருதுக்குப் போன மரைக்கார் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெண்கள் வாசலோடு நின்றார்கள். கேட்டால் எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. சுல்பிகா அழுதாள், ஆனால் உள்ளே வரவில்லை. நான் கிணற்றில் தண்ணீர் எடுத்து, மையத்துக் குளிப்பாட்டும் வழக்கப்படி இலந்தை இலையைப் போட்டேன். ஸம்ஸியா பிள்ளையைச் சரீப்பின் மனைவியிடம் கொடுத்துவிட்டு என்னோடு வந்து நின்றாள்.

முற்றத்திலிருந்து றபீக்காவின் குரல் கேட்டது. "நீ போகாத ஸம்ஸியா. பால் குடுக்கிறவள்."

"போகட்டும் மாமி," என்றான் ஜவுபர்.

அவன் அதைச் சொல்ல அவனுடைய உம்மா மௌத்தாக வேண்டியிருந்தது.

இரண்டு பேரும் குளிப்பாட்டினோம். உடம்பைச் சரித்து முதுகுக்குத் தண்ணீர் விடும்போது ஸம்ஸியாவின் விரல் ஓரிடத்தில் நின்றது. என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். சாச்சியின் வலது தோள்பட்டைக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. எத்தனை வருடத்துக் கட்டியோ. தன் கை தனக்கு எட்டாத இடம். வேறு யாருடைய கையும் அங்கே போனதில்லை.

சாய்ந்தமருதிலிருந்து குளிப்பாட்டும் பெண் வந்து இறங்கியபோது கபன் கட்டி முடிந்திருந்தது. அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். பின்னேரம் அஸருக்குப் பிறகு அடக்கினார்கள். பெரிய சனம் வந்திருந்தது. நல்ல மனுஷி என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆண்கள் அடக்குவதற்கு மையவாடிக்குப் போன பிறகு ஈரச் சீலைகளைப் பிழிந்து முற்றத்துக் கொடியில் போட்டோம். கொடி கொஞ்சம் உயரம். ஸம்ஸியா வலது கையைத் தூக்கினாள். கை காது மட்டத்தில் நின்றுவிட்டது. கொடிக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது.