வேண்டுதல் அவருக்கு, மீன் எனக்கு

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ போட்டுக்கொள்ள, குமராட்சியிலிருந்து சிதம்பரத்துக்கு மினி பஸ்ஸில் கணவரோடு போனேன். பஸ் ஸ்டாண்டு வந்ததும் எழப் பார்த்தால் முடியவில்லை. கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவே இல்லை. கணவர்தான் கைத்தாங்கலாக இறக்கினார். 

ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னதும் உணவு ஆலோசகர் அம்மா, "தினம் என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"கஞ்சி, ரசம் சாதம்தான். இவ பொழைச்சு வரணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். வைத்தியம் முடியிற வரைக்கும் வீட்ல முட்டை, மீன் எதுவும் கெடையாது" என்றார் கணவர், பெருமையாக.

"சத்தில்லாமதான் கால்ல சதை கரையுது. சதை கரைஞ்சா மருந்தைத் தாங்குற தெம்பும் போயிடுமே! வேண்டிக்கிட்டது யாரு?"

"நான்தாம்மா."

"அப்ப நீங்க சாப்பிடாதீங்க. அவுங்க சாப்பிடட்டும்."

அன்றிலிருந்து முட்டை, பருப்பு, மீன் எதையும் நான் விடுவதில்லை. அந்த அம்மா சொல்லிக்கொடுத்தபடி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகுகிறேன். யார் என்ன பத்தியம் சொன்னாலும் ஆஸ்பத்திரியில் கேட்காமல் எதையும் நிறுத்துவதில்லை. போன வாரம் பஸ்ஸில் யார் கையையும் பிடிக்காமல் நானே எழுந்து இறங்கிவிட்டேன்!

வேண்டுதலை விடாத கணவர்தான் எனக்கு மீன் குழம்பு வைக்கிறார். தான் ருசி பார்க்க முடியாதே என்று, "உப்பு சரியா இருக்கா?" என்று என் முகத்தையே பார்ப்பார். பாதி நாள் உப்பே இருக்காது. நானோ, "இன்னொரு துண்டு போடுங்க" என்று தட்டை நீட்டுகிறேன்.