பஞ்சில் ஒட்டிக்கொண்ட பாட்டு

சென்ற ஆண்டு மழைக்காலம். ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி இருபது நிமிடம். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, கடைக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் மிச்சம் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஒரே மகள். பெங்களூரில் வேலை பார்த்தவளை ஆட்குறைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் எட்டு மாதம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். சாப்பிட்டாயா என்றால் "ம்". உடம்புக்கு என்ன என்றால் "ம்". அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கதவில் காது வைத்துக் கேட்பேன். உள்ளே அவள் இருமினால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அவளை வெளியே கொண்டுவந்தது ஓர் இசைத்தட்டு. என் மனைவி அவளை வற்புறுத்தி சண்டே மார்க்கெட்டுக்கு இழுத்துப் போனாள். அங்கே பழைய சாமான் குவியலிலிருந்து மகள் அதை எடுத்து வந்தாள். கம்பெனி பெயர் இல்லை, பாடியவர் பெயர் இல்லை. நடுவில் ஒட்டிய தாளில் பென்சிலால் 'டெமோ' என்று மட்டும் எழுதியிருந்தது. என் மாமனார் வீட்டு ரெக்கார்ட் பிளேயரைத் தூசி தட்டிப் போட்டாள். கிதார், டிரம்ஸ், அதன்மேல் துள்ளலாக ஒரு பெண் குரல். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். நடுநடுவே மரம் முனகுவதுபோல ஒரு கிறீச் சத்தம். அதைத் தட்டில் உள்ள பழுது என்று நினைத்தோம்.

முதல் ஒரு நிமிடத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு உடனே நிறுத்திவிட்டாள். இது கடையில் விற்ற தட்டு அல்ல, கம்பெனிக்குப் போட்டுக் காட்டுவதற்காக வெட்டிய ஒரே பிரதி, அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய பூச்சு, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஊசி கொஞ்சம் சுரண்டிவிடும் என்று எனக்கு விளக்கினாள். சென்னையில் சரியான கருவி வைத்திருக்கும் ஒருவர் புதன்கிழமை முழுப் பாட்டையும் பதிவு செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். இணையத்தில் அவள் போட்ட அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். பாடியது யார்? ஒருவருக்கும் தெரியவில்லை.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கும், அத்தா? கண்டுபுடிச்சே ஆவணும்" என்றாள். எட்டு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை பார்த்தால், தட்டின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. மழை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று நினைத்தேன். மருந்துக் கடைக்காரனுக்கு எல்லா அழுக்குக்கும் ஒரே மருந்து, ஸ்பிரிட்டும் பஞ்சும்தான். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று துடைத்தேன். பஞ்சு கறுத்தது. நன்றாக அழுக்கு வருகிறதே என்று இன்னொரு பஞ்சு எடுத்தேன். மூன்றாவது பஞ்சில், கறுப்புக்கு அடியில் அலுமினியம் பளபளத்தது. அப்போதுதான் விளங்கியது, நான் துடைத்தது அழுக்கை அல்ல, பாட்டை.

மகள் ஈரத் தலையோடு வந்து நின்று பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவால்ல அத்தா" என்றாள். போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பாடியவரையாவது கொண்டுவருவேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். என்னிடம் இருந்தது போனில் ஒரு நிமிடப் பாட்டும், இருபது வருட வாடிக்கையாளர்களும்தான். இந்த ஊரில் வயதானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மருந்துக் கடைக்காரனுக்குத் தெரியாதா? சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். மறுநாளிலிருந்து தலை நரைத்த யார் வந்தாலும் போனை நீட்டினேன். இந்தப் பொண்ணு யாரென்று தெரியுமா என்று எல்லோரிடமும் கேட்டேன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாக்களின் குடும்பங்களைக் கேட்டேன். பாரிசில் இருக்கும் தங்கைக்கு அங்கேயே நின்று போன் போட்டுக் கேட்டுப் பார்த்தார் ஓர் அம்மா. வேறொருவர் முகவரி கொடுத்த வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனேன். அங்கிருந்த அம்மாள் பாட்டைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். இவ்வளவு நல்ல குரல் தனக்கு இருந்திருந்தால் மாதா கோயில் பாடகர் குழுவில் தன்னைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்றார். வீராம்பட்டினத்திலிருந்து வரும் மீன்கார அம்மா மட்டும் பொறுமை இழந்தார். "மாத்திரைய குடு பாய், பாட்டு கச்சேரி அப்பறம் வச்சிக்கலாம். அங்க கூடையில மீனு கண்ண மூடுது."

பன்னிரண்டாம் நாள் மகளே கடைக்கு வந்தாள். எனக்கு மனம் துள்ளியது. ஆனால் அவள் என்னைத் தடுக்கத்தான் வந்திருந்தாள்.

"போதும் அத்தா. மார்க்கெட்டே சிரிக்குது. அந்தப் பொண்ணு உசுரோட இருக்கோ இல்லயோ."

"இன்னும் பத்து நாள் பாக்குறேன்மா" என்றேன். நான் பிடிவாதக்காரன் அல்ல. ஆனால் அன்று விட்டிருந்தால் அவள் திரும்பப் போய்ச் சாத்தும் கதவு இனித் திறக்காது என்று பயந்தேன்.

அப்போது வரிசையில் நின்றிருந்த ஒரு பெரியவர் முன்னால் வந்தார். மாதா மாதம் இன்ஹேலர் வாங்குபவர். மில்லில் வேலை பார்த்து, பஞ்சுத் தூசியில் நெஞ்சும் தொண்டையும் போனவர். கரகரவென்று நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். இரண்டு முறை நான் பாட்டைப் போட்டபோதும் வரிசையில் நின்றிருக்கிறார். பேசவே சிரமப்படுபவரிடம் எதற்குக் கேட்பது என்று அவரை மட்டும் நான் கேட்கவே இல்லை.

"பாய், வந்தவங்கள எல்லாம் பொண்ணு பொண்ணுன்னு கேட்டியே. அது பொண்ணு இல்ல. நான்தான்."

அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயதாம். தெருவில் பெரிய பையன்கள் கிதார் வைத்துக் கொண்டு பாட்டுக் குழு நடத்தினார்களாம். எந்த வீட்டிலும் பெண்ணை அவர்களோடு ரயிலேற்றி மெட்ராஸ் அனுப்பமாட்டார்கள் என்பதால், குரல் மெல்லிசான இவரைக் கூட்டிப் போனார்களாம். கம்பெனியிலிருந்து பதில் வருவதற்குள் குரல் உடைந்துவிட்டது.

"நடுவுல கிறீச்னு ஒரு சத்தம் வருதே, அது இன்னா தெரியுமா? மைக்கு எனக்கு எட்டல. மரப்பெட்டி மேல ஏத்தி நிறுத்தினாங்க. ஆடாதடான்னு சொல்லியும் ஆடினேன்."

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தம் தட்டின் பழுது அல்ல என்று எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"மீதியையும் போடு பாய்" என்றார். "நான் பாடின பாட்ட முழுசா கேட்டதே இல்ல."

கடையில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். மீதி இல்லை ஐயா, நான்தான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டேன் என்று. என் குரலும் அன்று அவர் குரலைப் போலத்தான் இருந்தது.

அவர் போனைப் பார்த்தார். பிறகு என்னிடம் பேசாமல் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டாவது சரணத்துல சுருதி வுட்டுட்டேன் பாப்பா. அம்பது வருசமா அத யார்னா கேட்டுடுவாங்களோன்னு இருந்துச்சு. ஒங்கப்பா தொடச்சி வுட்டாரு, நல்லதா போச்சு."

என் மகள் சிரித்தாள். வாய்விட்டு, கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

அந்தப் பாட்டைத் தாங்கிய அலுமினியத்தில் இப்போது அவர் பெயரை மகள் எழுதி வைத்திருக்கிறாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைக்கும்போதெல்லாம் இன்றும் என் கை ஒரு நொடி நிற்கிறது. அவர் சுருதி விட்டது உண்மையா, என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா என்று மாதா மாதம் இன்ஹேலர் கொடுக்கும்போது கேட்க நினைக்கிறேன். கேட்காமல் விடுவதுதான் நான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று வாயை மூடிக்கொள்கிறேன்.