கடற்கரையில் ஒரு திண்டுக்கல் கிணறு

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் தேடியிருக்கலாம். தேடாமலும் இருந்திருக்கலாம். 'கட்டுரையாளருக்கு உடல்நலக் குறைவு' என்று பத்திரிகைக்காரர்கள் ஒரு வரி போட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பெரிய மனசு. உண்மையில் நான் ஒரு கிணற்றுக்குள் இருந்தேன்.

தவறி விழவில்லை. யாரும் தள்ளவும் இல்லை — தள்ளிவிட ஆசைப்பட்டவர் வீட்டிலேயே ஒருவர் உண்டு என்றாலும். நானாகத்தான் இறங்கினேன். மேலே நின்று என் மனைவி விசாலம் கூடை கூடையாக மணலைக் கொட்ட, கீழே நின்று நான் அதை மிதித்துக் கிணற்றைத் தூர்த்துக்கொண்டிருந்தேன். மணலைக் கிணற்றில் கொட்டினாளா, என் தலையைக் குறிபார்த்துக் கொட்டினாளா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

திண்டுக்கல்காரன் ஒருவன் தண்ணீர் இருக்கிற கிணற்றைத் தூர்ப்பதா? ஊரில் யாராவது கேள்விப்பட்டால் என்னைப் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி உள்ளே விடமாட்டார்கள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் திண்டுக்கல் வீட்டுக்கு அடுத்த கட்டடம் புகையிலைக் கிட்டங்கி. அங்கே சிப்பத்தைப் பிரித்தால் இங்கே எனக்குத் தும்மல். தும்மல் நாளடைவில் இழுப்பாக மாறியது. 'சமுத்திரக் காற்று வாங்குங்க சார், மருந்து தானாகக் குறையும்' என்றார் டாக்டர். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. பெண்ணையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இனி என்ன? தை பிறந்ததும் கடலோரமாகக் குடி போவதென்று முடிவு செய்தேன்.

முடிவு செய்த அன்றைக்கே தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி முடித்தேன். 'வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தா கடல்' என்று சொல்லும்போது என் நெஞ்சு ஒரு அங்குலம் முன்னால் வரும். சலூன் கடைக்காரர் என் கன்னத்தில் கத்தியை வைத்தபடியே கேட்டார்.

"அதெல்லாம் சரி சார். அங்கிட்டு நல்ல தண்ணி கிடைக்குமா?"

இதுதான் எங்கள் ஊர். சொர்க்கத்துக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள் — குழாய் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும் என்றுதான் கேட்பார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்? எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. நல்ல தண்ணீருக்குத் தெருக்குழாயில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, அது நகரும் வரை அக்கம்பக்கத்துச் சண்டையெல்லாம் போட்டு முடிக்க வேண்டும்.

அந்தப் பருப்பு விவகாரம் எங்கள் வீட்டில் ஒரு தீராத வழக்கு. பருப்பு வேகாததற்கு நான் சொன்ன காரணம் விசாலத்தின் கை. விசாலம் சொன்ன காரணம் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் வேகவைக்கலாமே என்பீர்கள். அது குடிக்கவே காணாது. "எங்க ஒட்டன்சத்திரத்துல ஒரு கொதியில வெந்துரும்" என்பாள். "உங்க ஒட்டன்சத்திரத்துல கல்லைப் போட்டாலும் வேகும்" என்பேன். கல்யாணமான மறு மாதம் ஆரம்பித்த வாதம் இது. வாத்தியார் அல்லவா? தீர்ப்பை எப்போதும் நானே எழுதிக்கொண்டேன்.

சாமான்களை ஏற்றிக்கொண்டு போனது காய்கறி லாரி. விசாலத்தின் அண்ணன் காளியப்பன் ஒட்டன்சத்திரத்தில் தோட்டம் வைத்திருப்பவர். சந்தையிலிருந்து தெற்கே போகிற லாரியில் முருங்கைக்காய்க்கும் வெங்காயத்துக்கும் நடுவே எங்கள் கட்டிலையும் வால்வு ரேடியோவையும் நெருக்கி வைத்துக் கட்டினார். கூடவே அண்டா, தவலை, குண்டான், பித்தளைக் குடங்கள், தகர டின்கள்... தண்ணீர் பிடித்து வைக்கத் திண்டுக்கல் குடும்பத்தில் எவ்வளவு பாத்திரம் சேரும் என்பது வீடு மாற்றும்போதுதான் தெரியும்.

திருச்செந்தூருக்குக் கொஞ்சம் வடக்கே ஒரு சின்னக் கடற்கரை ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த லீவுக்கு நீங்கள் எல்லாரும் வந்து நிற்பீர்கள். வீட்டுக்காரம்மா ரோசம்மாள் அடுத்த வீட்டிலேயே இருக்கிறார். நல்ல வசதி, நல்ல குரல். அந்தக் குரல் அலைச் சத்தத்தையும் தாண்டி இரண்டு தெருவுக்குக் கேட்கும்.

"வீட்டை எப்படி வேணும்னாலும் வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. கிணத்துல மட்டும் கை வச்சிராதிய" என்றார் முதல் நாளே. எல்லா வீட்டுக்காரர்களும் ஆணி அடிக்காதே, சுண்ணாம்பு சுரண்டாதே என்பார்களே, அந்த வகையறா என்று நினைத்துத் தலையை ஆட்டிவைத்தேன்.

அந்தக் கிணற்றை நீங்கள் பார்க்க வேண்டும். கொல்லையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், மணலுக்குள் இறக்கிய நாலைந்து சுட்ட மண் உறைகள். ஆள் உயரம்கூட இல்லை. அடியில் முழங்காலளவு தண்ணீர். குனிந்து குடத்தை விட்டாலே மொண்டுவிடலாம் போலிருந்தது. அந்தத் தண்ணீர்... இளநீர்தான். ஒரு வாய் குடித்துவிட்டு விசாலம் என்னைப் பார்த்தாள். நேரே போய் அடுப்பில் பருப்பைப் போட்டாள்.

பருப்பு பூவாக மலர்ந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் கரைந்தே போயிருந்தது. தட்டில் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க. என் கையா, தண்ணியா?"

அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு பெண்பிள்ளையைப் பருப்பு விஷயத்தில் இவ்வளவு காலம் படுத்தியிருக்கிறேனே என்று உள்ளுக்குள் கூசியது. வாய்விட்டுச் சொன்னேனா? கேட்காதீர்கள். 'உப்பு ஒரு கல் தூக்கல்' என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலம் அவள் அண்டா, தவலை, டின் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி வைத்தாள். பழக்கம். ரோசம்மாள் மதிற்சுவர் மேலாக எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, வீட்டுல கல்யாணமா?" என்று கேட்டார். அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாத்திரங்கள் பரணுக்குப் போயின. கடைசி அண்டாவைக் கவிழ்த்து வைத்த நாளில் விசாலம் பாட்டு முணுமுணுத்தாள். அவளுக்குப் பாட வரும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

கடலால் எனக்குக் கிடைத்தது என்ன? இழுப்பு குறைந்தது, அதைச் சொல்ல வேண்டும். மற்றபடி கொல்லையில் ஈஸிசேர் போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டே எழுதுவேன் என்று கனவு கண்டவன் நான். முதல் கட்டுரையின் நடுப்பக்கம் காற்றோடு போயிற்று. அந்த வாரம் 'கட்டுரையில் திடீர்த் திருப்பம், பிரமாதம்' என்று ஒரு வாசகர் பாராட்டி எழுதியிருந்தார். ரேடியோ துருப்பிடித்துக் கரகரவென்றது. மோரில் மணல். கடலைப் பார்த்து உட்காருவதை விட்டுக் கடலுக்கு முதுகு காட்டி உட்காரப் பழகிக்கொண்டேன். ஆனால் விசாலத்துக்குக் கடலைப் பற்றிக் கவலையே இல்லை. அவள் குடி வந்தது கடலோரத்துக்கு அல்ல. அந்தக் கிணற்றோரத்துக்கு.

பங்குனி வெயில் ஏறியபோது காளியப்பன் மச்சான் தங்கையைப் பார்க்க வந்தார். பாறையை வெடி வைத்துப் பிளந்து கிணறு வெட்டியவர். கொல்லைக்குப் போனவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வாயில் துண்டை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்க மாப்ள, இது கெணறுங்களா? எங்க எருமை தண்ணி குடிக்கிற தொட்டி இதைய விட ஆழமுங்க."

எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். முழங்காலளவு தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. சித்திரை வந்தால் என்ன ஆவது? விசாலம் மறுபடி குடத்தோடு வரிசையில் நிற்பதா? அதை நினைத்தாலே எனக்குப் பதறியது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே வைத்தியம்தான் உண்டு. தண்ணீர் குறைந்தால் தோண்டு. இன்னும் குறைந்தால் இன்னும் தோண்டு. ஆழம் போகப் போகத்தான் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

"தங்கச்சிகிட்டச் சொல்லாதீங்க. கோயிலுக்குப் போய்ட்டு வரட்டும். வந்து பாத்தா அசந்து போகோணும்" என்றார் மச்சான்.

மறுநாள் காலையில் விசாலம் திருச்செந்தூர் கோயிலுக்குக் கிளம்பினாள். அவள் தலை மறைந்ததும் நாங்கள் வேட்டியை மடித்துக் கட்டினோம்.

மணல்தானே... வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. மச்சான் உள்ளே நின்று வாரிக் கொடுக்க, நான் மேலே நின்று இழுத்துக் கொட்டினேன். உறைகள் தாமாகவே கீழே இறங்கிக்கொண்டு வந்தன. சத்தம் கேட்டு ரோசம்மாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி, கடலையா தேடுதிய? அது அந்தப் பக்கம்லா கெடக்கு."

நல்ல ஹாஸ்யம் என்று நினைத்து நானும் மச்சானும் சிரித்தோம். மனம்விட்டுச் சிரித்தோம். அதை இப்போது நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. "சொன்னாக் கேக்கவா போறிய" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

வெயில் உச்சிக்கு வருமுன் மச்சானின் கால் அருகே குபுகுபுவென்று ஊற்றுக்கண் திறந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டது. எங்கள் பக்கத்தில் ஊற்றுக்கண் திறந்தால் சும்மா விடமாட்டோம். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, முதல் தண்ணீரை வீட்டுப் பெண்பிள்ளைக்குக் கொடுத்த பிறகுதான் மற்றவர் வாயில் படவேண்டும். முறையென்றால் முறை. ஒரு சொட்டுகூட நாங்கள் ருசி பார்க்கவில்லை. தேங்காயை உடைத்துவிட்டு, இரண்டு மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி வாசலிலேயே நின்றோம்.

விசாலம் விபூதி மணக்க வந்தாள். வெள்ளி டம்ளரில் தண்ணீரை நீட்டினேன்.

"என்னங்க இது?"

"குடிச்சுப் பாரு. இனிமே உனக்கு ஆயுசுக்கும் தண்ணிப் பஞ்சம் இல்ல."

ஒரு வாய் உறிஞ்சினாள். முகம் மாறவில்லை. விழுங்கவும் இல்லை. வாசல்படி ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள். பிறகு அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ரோசம்மாள்தான் வந்து விளக்கினார். கடற்கரையில் மழைத்தண்ணீர் மேலே, கடல் தண்ணீர் கீழே. பால்மேல் ஆடை மாதிரி நல்ல தண்ணீர் மேலாக மிதக்கிறது. ஆடையைப் பதமாக எடுக்க வேண்டும். நாங்கள் கரண்டியைப் போட்டு பானையின் அடி வரை கலக்கிவிட்டோம். "இதைக் காலைலயே சொல்லியிருக்கக் கூடாதாங்க?" என்று மச்சான் பரிதாபமாகக் கேட்டார். "முத நாளே சொன்னேனே, கை வைக்காதியன்னு" என்றார் அவர். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இங்கே ஆண்டிகள் இரண்டு பேர்.

மச்சானுக்கு அன்று பிற்பகலே சந்தையில் அவசர வேலை இருப்பது நினைவுக்கு வந்தது.

தோண்டிய மணலை எல்லாம் திருப்பிப் போட வேண்டும், பிறகு ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது ரோசம்மாளின் தீர்ப்பு. ஆகவேதான் போன வாரம் முழுக்க நான் கிணற்றுக்குள் இருந்தேன். பரணிலிருந்து அண்டாவும் தவலையும் இறங்கின. காலையும் மாலையும் விசாலம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோசம்மாள் வீட்டுக் கிணற்றுக்கு நடந்தாள். எது நடக்கக் கூடாது என்று மண்வெட்டியைத் தூக்கினேனோ, அதையே என் கையால் நடத்திவைத்தேன். பாட்டும் நின்றுபோனது.

ஊருக்கு ஊர் புத்தி வேறு. இது தெரியாமலா ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்தினேன்? நாம் சாமான்களை லாரியில் ஏற்றுகிறோம். நம் ஊர்ப் புத்தி யாரும் ஏற்றாமலே வந்து டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

முந்தாநாள் ஒரு கோடை மழை. பெரிய மழை என்று சொல்ல முடியாது. நேற்றுக் காலையில் விசாலம் எங்கள் கிணற்றில் ஒரு செம்பு மொண்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நான் கொல்லைக் கதவருகே நின்றேன், பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையன்போல.

"உப்பு செத்த கொறைஞ்சிருக்கு" என்றாள். பத்து நாளில் அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. அந்தத் தண்ணீரிலேயே பருப்பைப் போட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அதே இடம். ஒரு வாய் போட்டேன். பருப்பு பல்லில் நறநறவென்றது.

"ஒங்களுக்குத்தான் ஊரு ஞாபகம் விடலையே" என்றாள். "சமுத்திரக் கரைக்கு வந்தும் திண்டுக்கல் தண்ணிய அம்புட்டுச் சிரமப்பட்டுத் தோண்டி எடுத்திருக்கீங்க. சாப்பிடுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பத்து நாளைக்குப் பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாணமான மறு மாதமே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்.

"தண்ணிதான்."