தங்கச்செல்வியின் இரைப்பைத் துணுக்கு

பாலவனத்தத்தில் ஏழரை பஸ்ஸைப் பிடித்து அருப்புக்கோட்டைப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து போக ஆரம்பித்து இருபத்து மூன்று வருடமாகிறது தங்கச்செல்விக்கு. நோயாளிகளின் சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போட வேண்டும். பார்த்து முடிவு சொல்ல டாக்டர் ஜன்னத் மதுரையிலிருந்து வாரம் இரண்டு நாள் வருவார்.

வேலை ஓய்ந்தால்தான் சோறு. பல நாள் நாலு மணியாகிவிடும். வயிறு எரிந்தால் ஒரு சோடா. "வாயுவாத்தான் இருக்கும்" என்பான் கணவன் நவநீதகிருஷ்ணன். பங்குனியில் சோறே இறங்காமல் போகவும், வாய்வழியாக டியூப் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் எண்டோஸ்கோபி எடுத்தாள். அதில் கிள்ளிய துணுக்கு அவள் மேசைக்கே வந்தது. சீவுவதற்கு வேறு ஆள் இல்லை.

மற்றவர்களுடையதைப் போலவே சீவினாள். சாயம் காய்ந்ததும் மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். நல்ல இரைப்பை எப்படியிருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். மேலே சளி சுரக்கும் செல்கள் வரிசை கட்டி நிற்கும். நடுநடுவே சின்னக் குழிகள். குழிக்கு அடியில் குழாய் குழாயாய்ச் சுரப்பிகள். அதில் அமிலம் சுரப்பவை ரோஸாகவும், செரிமானச் சாறு சுரப்பவை ஊதாவாகவும் தெரியும். அவளுடையதில் பாதி இடத்தில் சுரப்பிகளே இல்லை. குடலில் இருக்க வேண்டிய, குடம்போல் உப்பிய செல்கள் அங்கே வந்து உட்கார்ந்திருந்தன. இப்படி இடம் மாறிய சில தகடுகள் புற்றுநோய் என்று முடிந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

தகட்டை மற்றவற்றோடு தட்டில் அடுக்கிவிட்டு, அடுத்த மெழுகுக் கட்டியை எடுத்தாள். வீட்டிலும் சொல்லவில்லை. சொல்லிப் பேசத் தெம்பில்லை.

மூன்றாம் நாள் ஜன்னத் தகட்டில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அக்கா, இது ஒங்களுதா?"

"ஆமா டாக்டரம்மா. பாத்துட்டேன்."

"பாத்துட்டு சும்மாவா இருந்தீக? ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"போட்டு என்ன செய்ய? தகடு இங்கதான கெடக்கு."

ஜன்னத் வெகுநேரம் தகட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "புத்துநோய் இல்லக்கா. சளிக்குள்ள கிருமி இருக்கு. வருசக்கணக்கா இருந்து அரிச்சிருக்கு. கிருமிய மாத்திரையில கொன்னுரலாம். போன சுரப்பி திரும்புமான்னு சொல்ல ஏலாது. அப்பப்ப டியூபு விட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

தங்கச்செல்விக்குச் சந்தோஷம் வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்தாள், எழுந்திருக்க மனசில்லாமல் அப்படியே இருந்தாள். ஜன்னத்தே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பதினாலு நாள் மாத்திரையில் வாயெல்லாம் இரும்புக் கசப்பு. ஆடியில் மறுபடி பரிசோதித்தபோது கிருமி இல்லை. இப்போது ஒரு மணிக்கெல்லாம் தூக்குவாளியைத் திறந்துவிடுகிறாள். பரிசோதனைக் கூட முதலாளியே வாசலில் வந்து நின்றாலும், மோர்ச்சோற்றைத் தின்று முடித்துக் கை கழுவிய பிறகுதான், "என்ன சார்?" என்கிறாள்.