மதாம் வீட்டுப் பினோ

உலர்திராட்சையும் தேனும் கலந்தாற்போல் இனித்து, மூக்கில் ஏறும்போது லேசாகச் சுடும் ஒரு வாசனை. அறுபதுகளில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைச் சாயங்காலம் என்றால் அதுதான். அங்கிருந்த "மதாம்" பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியரைக் கட்டிக்கொண்டு வந்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்து அத்தனை வருடமாகியும், எதிரி நாட்டுக்காரர் என்று தெருவில் ஒருவரும் அவர் வீட்டில் உட்கார்ந்து பேசமாட்டார்கள். என் அம்மாவோ மதுரையிலிருந்து வந்து, அரைகுறை ஜெர்மனோடு தவித்தவள். அவளுக்கும் வேறு தோழி கிடையாது.

"பினோ" மதாமின் ஊர்ப் பானம். புதுத் திராட்சைச் சாற்றில் பிராந்தி கலந்து மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் வைத்திருந்து, சாப்பாட்டுக்கு முன் சின்னக் கிளாஸில் ஜில்லென்று குடிப்பார்கள். மதாம் அதைக் குடிப்பார்; அம்மா எதிரே தண்ணீர் குடிப்பாள். குடி என்ற பேச்சே அவளுக்கு ஆகாது.

ஒரு பனிக்காலத்தில் மதாமின் அப்பா இறந்துபோனார். அவர் தன் கையால் செய்த கடைசிப் புட்டியை, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் தரப்போகும் விருந்துக்காக, எங்கள் பால்கனிப் பனியில் குளிரவைக்கச் சொல்லி மதாம் கொடுத்தார். மதாமுக்கோ நெஞ்சைப் பிளக்கும் இருமல்.

"இந்த இருமலோட ஜில்லுன்னு குடிச்சா என்னத்துக்கு ஆகும்? அப்பா கொடுத்தது மகளுக்கு மருந்தாகட்டும்" என்று அம்மா சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு, மொத்தத்தையும் கொதிக்க வைத்துவிட்டாள். "போதையும் ஆவியாப் போயிரும்" என்றாள். முழுக்கப் போகாது என்று வேதியியல் ஆராய்ச்சி செய்த என் அப்பாவுக்குத் தெரியும். மனிதர் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஆவி பறக்கும் பாத்திரத்தோடு கீழே போனோம். மதாமின் முகம் வெளுத்துவிட்டது.

"இனி இதை யார் எனக்குச் செஞ்சு தருவாங்க?"

அவர் கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு, கிறிஸ்துமஸ் சந்தையில் விற்கும் சூடான ஒயின் மாதிரி பிரமாதம் என்று பாராட்டித் தொலைத்தார். மதாம் விருட்டென்று எழுந்துகொண்டார்.

இருந்த ஒரே தோழியும் போய்விடுவாரே என்று அம்மா பதறினாள். சமாதானம் சொல்ல அவள் ஜெர்மன் போதவில்லை. டம்ளரை நிரப்பி, "உங்க அப்பா செஞ்சது. ஒரு சொட்டு வீணாக விடமாட்டேன்" என்று தமிழிலேயே சொல்லி, வாழ்நாளில் தொடாததை மடமடவென்று குடித்தாள். புரையேறிக் கண் பிதுங்கியது. மதாம் ஓடிவந்து அவள் தலையில் தட்டினார். அப்புறம் தானும் ஒரு டம்ளர் வாங்கி, அழுதுகொண்டே குடித்தார்.

இப்போது பினோ சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. அந்த வீட்டை இடித்துவிட்டார்கள், அம்மாவும் இல்லை. எழுபதுகளில் மதாமை அடக்கம் செய்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் வரிசையில் நிற்க, முதல் மண் போடச் சொல்லி அவர் கணவர் என் அம்மாவைத்தான் கூப்பிட்டார்.